விஜயராணி வீட்டுக் கணினியின் மறதி

என் நாற்காலியில் தம்புசாமி உட்கார்ந்திருந்தான்.

நாற்காலி விஜயராணியுடையதுதான். கணினியும் அவளுடையதுதான். ஆனால் ஒன்பது வருடமாக அந்தக் கணினிக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

திரையில் வழக்கமான செய்தி. ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லையாம்.

கூடத்தில் பொருத்தம் பார்க்க ரெம்பியாவிலிருந்து வந்தவர்கள் காத்திருந்தார்கள். தம்புசாமி மாப்பிள்ளையின் தாய்மாமன். ஏதோ கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நானே பார்க்கிறேன் என்று தானாகப் போய் உட்கார்ந்துகொண்டானாம்.

அறுபத்தைந்து வயதுப் பையன். மீசை முழுக்கக் கறுப்பு. தனக்கு மனைவி இல்லை என்பதை, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

அந்தக் கணினி, விஜயராணியின் கணவர் ஜோசியர் உயிரோடு இருந்தபோது, எண்பத்தொன்பதில் வாங்கியது. அதைத் தூக்கி வந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான்காமவர் தூக்குவதுபோல நடித்தவர். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தால், எங்கள் ஊர் ஜாசின் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் பஸ் வந்துவிட்டதென்று பையை எடுப்பார்கள்.

அதில் பார்த்த பொருத்தம் தப்பியதே இல்லை என்று ஊரில் பேச்சு. தப்பியவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கோளாறு சின்னது. உள்ளே நான்கு பேட்டரிகள். அவை செத்துப் பல காலம் ஆகிறது. அதனால் அணைத்தவுடன், தன் வயிற்றில் எந்த வகை டிஸ்க் இருக்கிறது என்பதையே கணினி மறந்துவிடும். மறுபடி போடும்போது அந்த வகை எண்ணைத் தட்டிக் கொடுத்தால் எழுந்துகொள்ளும்.

எண் எனக்குத் தெரியும். விஜயராணியிடம் சொன்னதில்லை.

அந்தப் பேட்டரியை ஜெர்மனியில் ஒரே ஒரு தொழிற்சாலைதான் செய்தது, அதுவும் வெள்ளத்தில் போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

யார் பொருத்தம் பார்க்க வந்தாலும் எனக்குப் போன் வரும். பெண்கள் பார்த்தால் டிஸ்க் கூச்சப்படும் என்று அவளைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு எண்ணைத் தட்டுவேன். வந்தவர்கள் போன பிறகும் நான் இருப்பேன். ஒரு தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் குடிக்க என்னால் முடியும்.

தம்புசாமி மூடியைக் கழற்றினான். பேட்டரி போய்விட்டது என்று இரண்டே நிமிடத்தில் சொன்னான்.

அது ஜெர்மன் பேட்டரியாயிற்றே என்று விஜயராணி கவலைப்பட்டாள்.

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எதிர்க்கடையில தொங்குதுலா, அங்கிள்."

எனக்கும் அவனுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். நெஞ்சு எரிந்தது. காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் என்று வைத்துக்கொண்டேன்.

புதுப் பேட்டரி வந்தது. மாட்டினான். போட்டான். டிஸ்க்கைக் காணவில்லை.

இங்கேதான் எனக்கு உயிர் வந்தது. எண் இல்லாமல் புதுப் பேட்டரி எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? அவன் ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஐந்தாவதில் மீசையைத் துடைத்துக்கொண்டான்.

ராகு காலத்தில் எழுந்திருக்காது என்றேன். ராகு காலம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜோசியர் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பது என் நம்பிக்கை.

ஆறாவதில் அவன் கையை உதறினான். பெட்டியை ரெம்பியாவுக்கு எடுத்துப் போகிறேன் என்றான். சரிசெய்து தானே கொண்டுவருவானாம். பிறகு அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வானாம். இதை விஜயராணியைப் பார்த்துச் சொன்னான்.

எண்ணைச் சொன்னால் இனி எனக்கு இங்கே வேலையில்லை. சொல்லாவிட்டால் அவனுக்கு இங்கே வேலை வந்துவிடும்.

வாயைத் திறந்தேன்.

"அண்ணே, பதினேழு போட்டுப் பாருங்க."

சொன்னது நான் இல்லை. விஜயராணி. குழம்புக்கு உப்புச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தட்டினான். டிஸ்க் அலறிக்கொண்டு எழுந்தது.

பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்தது. திரையைப் பார்த்து அவள் தாளில் எழுதிக் கொடுத்தாள். இன்னும் ஐந்து வருடத்துக்கு இதில் யாரும் கை வைக்கத் தேவையில்லை என்று தம்புசாமி காரில் ஏறும்போது சொன்னான். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னான்.

அவர்கள் போனார்கள். நானும் குடையை எடுத்தேன். பதினேழு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நாளைக்குப் பிரிண்டர் மக்கர் பண்ணும். பத்து மணிக்கு வந்துருங்க."

சரி, பார்க்கலாம் என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வீடு தாண்டிய பிறகுதான் உறைத்தது. விஜயராணி வீட்டில் பிரிண்டரே கிடையாது.