ஓரத்துப் பாத்தி

"பெத்த பிள்ளையைப் பட்டினி போட்டு, எத்தனை நாள் தாங்கும்னு வேடிக்கை பார்க்கிற காலம் இது" என்று முணுமுணுத்தார் பண்ணைக் காவலாளி ஹாஜி பாபிகிர். சூடானின் கெசீரா வட்டாரத்து அனலில், ஆராய்ச்சிக்கென்று தண்ணீர் நிறுத்தப்பட்ட கோதுமைப் பாத்திகள் கருகிக் கிடந்தன.

மதனி நகரிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி இஹ்லாஸ் ஓரத்துப் பாத்தியைக் காட்டிச் சிரித்தாள். "இது மட்டும் பச்சையா நிக்குது பாருங்க ஹாஜி. வெயிலையும் வறட்சியையும் தாங்குற மரபணு இதுக்குள்ள இருக்கு. அடுத்த வருஷம் ஊருக்கெல்லாம் இந்த விதைதான்."

"மரபணுவோ மண்ணாங்கட்டியோ. பயிரை வாட்டுறது பாவம், மகளே."

தொழுகைக்கு அழைப்பு கேட்டது. ஹாஜி தண்ணீர்க் கெண்டியோடு அந்தப் பாத்தியின் வரப்பில் குந்தி, முகம் கைகால் கழுவினார். தண்ணீர் பயிருக்குள் வழிந்தது.

இஹ்லாஸின் சிரிப்பு நின்றுபோயிற்று. "தினமும் இங்கதான் ஒளு செய்வீங்களா?"

"வேளை தவறாம. வாயில்லாப் பயிர் வாடுறப்போ வெறும் மணல்லயா கொட்டுவாங்க?"

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "இதை நம்பி ஊரே விதைச்சிருந்தா அத்தனையும் கருகியிருக்குமே, ஹாஜி."

"தண்ணி ஊத்தினா எதுக்கும்மா கருகப்போகுது? கொடுத்தவன் குத்தவாளி, கொடுக்காதவங்க விஞ்ஞானி. நல்லாயிருக்கு உங்க நியாயம்" என்று சீறிவிட்டு, திரும்பிப் பாராமல் பள்ளிவாசலுக்கு நடந்தார்.