நதி திருப்பிக் கொடுத்த கை

பொற்கொடி எழுதிய மாயக்கதை வரிசையில் ஐந்து பாகங்களிலும் ராணி ஆழிமதிக்கு இடக்கை கிடையாது. வெள்ளத்தில் மூழ்கவிருந்த ஊருக்கு ஈடாக அதை நதிக்குக் கொடுத்திருந்தாள். படமாக்க வந்த இயக்குநர் ஜெபராஜுக்கு அந்தக் கைதான் தொண்டையில் சிக்கிய முள். "ஒத்தைக்கை ஹீரோயினை யாரு மேடம் பாப்பாங்க? நதி கையைத் திருப்பிக் குடுக்கிற மாதிரி ஒரே ஒரு சீன் எழுதுங்க. இல்லேன்னா படமே இல்ல." பொற்கொடி மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் படப்பிடிப்புத் தளத்தில், ராணியாக நடிக்கும் மிருணா அதை எல்லோர் முன்னும் வாசித்தாள். நதி பொங்கி வந்து கையைக் கரையில் வைத்தது. ராணி குனிந்து பார்த்தாள். "இதை வாங்கிக்கொண்டால் நாளைக்கு ஊரைக் கேட்பாய். நீயே வைத்துக்கொள்" என்று நதியிலேயே வீசினாள்.

"என்ன மேடம் இது?" ஜெபராஜ் பொற்கொடி பக்கம் திரும்பினார்.

"நீங்க கேட்ட சீன்தான் சார். நதி குடுத்துருச்சு. அவ வாங்கலை, நான் என்ன பண்ண?"

ஜெபராஜ் தாளைப் பிடுங்கிக் கசக்கினார். "மிருணா, வாம்மா. ரெண்டு கையாலயும் வாளைப் பிடி."

மிருணா இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக் கச்சைக்குள் செருகிக்கொண்டு, வாளுக்காக வலக்கையை மட்டும் நீட்டினாள்.