அறுபது கிலோ ஆட்டம்

உத்திரமேரூர் கபடிக் குழுவில் எல்லார் வாயிலும் ஆல்வினின் பலத்தைப் பற்றிய பேச்சுதான். கூட ஆடும் தயாளனுக்கு வயிறு எரிந்தது.

"இன்னாடா சாப்புடுற நீ?"

"கிரியேட்டின்னு பலம் ஏத்துற ஒரு பவுடர். டாக்டரைக் கேட்டுக்கினுதான் சாப்புடுறேன்."

அன்றிலிருந்து, ஆல்வின் குளிக்கப் போகும்போதெல்லாம் அவன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி திருடித் தின்றான் தயாளன். தோள் திரண்டது. இனி ஆல்வின் பெயரை எவன் சொல்வான் என்று மிதப்பில் திரிந்தான்.

வாலாஜாபாத் போட்டியில் அறுபது கிலோவைத் தாண்டினால் ஆடவிட மாட்டார்கள். எடை மெஷினில் ஆல்வின் தேறினான். எப்போதும் ஐம்பத்தொன்பதிலேயே நிற்கும் தயாளன் ஏறியதும் முள் அறுபத்திரண்டைத் தொட்டது. வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆல்வின் வந்து தோளில் கை போட்டான்.

"அந்தப் பவுடர் ஒடம்புல தண்ணி சேத்து எடையை ஏத்திடும் தயாளா. அதான் நான் நிறுத்தி ஒரு மாசம் ஆவுது. டப்பாதான் காலியாயிக்கினே கீது."