மூன்றாவது வருஷ ஸ்பானிஷ்

“நம்ம வர்ஜீனியாவுல ஸ்கூல் முடிக்கிறப்ப அட்வான்ஸ்டு டிப்ளமோ வாங்க ஸ்பானிஷ் மூணு வருஷம் படிச்சிருக்கணும். உங்க ஜோலீனுக்கு ரெண்டே போதும்னு சொன்னது என் தப்புதான் மேடம்” என்றார் பள்ளி ஆலோசகர் ப்ரூயிட்.

வெர்னாவுக்குச் சந்தேகம் வலுத்தது. தானே போன் போட்டு, வரச் சொல்லித் தப்பை ஒப்புக்கொள்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. செல்போனில் ரெக்கார்டரைத் தட்டி மேசைமேல் வைத்தாள்.

“நாலு வருஷமா தெரியாதது இன்னைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? எதையோ மறைக்கிறீங்க.”

“கோடை வகுப்புல சேர்த்துட்டேன். ஆகஸ்ட்ல டிப்ளமோ கைக்கு வந்துடும்.”

“ஜூன்ல எல்லாரும் டிப்ளமோ வாங்க மேடையேறுவாங்க, என் பொண்ணு கீழ நின்னு கை தட்டணுமா? உங்க பொண்ணா இருந்தா இப்படிக் கோட்டை விட்டிருப்பீங்களா?”

ப்ரூயிட் கோடை வகுப்புப் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதில் இரண்டே பெயர்கள். முதலில் ஜோலீன். அடுத்தது, வின்னி ப்ரூயிட்.

வெர்னா மெல்லக் கை நீட்டி ரெக்கார்டரை அணைத்தாள். “உங்க பொண்ணா?”

“நேத்து அவளுக்குக் ஸ்பானிஷ் ஒரு வருஷம் குறையுதுன்னு காலேஜ்லேருந்து லெட்டர் வந்தப்பதான் மேடம் எனக்கே தெரிஞ்சுது. அப்ப சாத்தின ரூம் கதவை அவ இன்னும் திறக்கல.”