கோட்டில் விட்ட இடைவெளி

படுக்கையறையில் மனைவியும் ஆர்க்கிடெக்ட்டும் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கணக்கு வாத்தியார் ஓசைப்படாமல் நெருங்கினார்.

படுக்கையறை என்றால், இப்போதைக்கு வெறும் மண்தரைதான். வீடு கட்டப்போகும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளுக்குக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டில் இடைவெளி விட்டிருந்தால் அது கதவு.

"தோட்டத்து மூலையில ஒரு ரூம் சேர்த்திடுங்க. வீட்டுப் பக்கம் ரெட்டைச் சுவர், அதுல ஒரு கதவு. சத்தம் ஒரு பொட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது," என்றாள் மனைவி. "இவர்கிட்ட மூச்சு விடாதீங்க. நேரம் பார்த்து நானே சொல்லிக்கிறேன்."

வாத்தியார் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவேயில்லை. ராத்திரி காதில் வைத்த பஞ்சை எடுக்க மறந்திருந்தாள். ஆர்க்கிடெக்ட்தான் அசடு வழிந்தார்.

தோட்டம் வீட்டுக்குள் வரவேண்டும், வீடு தோட்டத்துக்குள் போகவேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாத்தியார் திட்டம் போட்ட வீடு அது. ஹாலுக்குத் தோட்டப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. எந்த ஜன்னலிலிருந்து எந்தச் செடி தெரியவேண்டும் என்பதுவரை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்தது. அப்போதெல்லாம் சரி சரி என்று அவள் ஆட்டிய தலையா இது?

சத்தம், ரெட்டைச் சுவர், ரகசியம். கணக்கு வாத்தியார் அல்லவா, மனதுக்குள்ளேயே விடையைப் போட்டுவிட்டார். மச்சினன்! கீபோர்டு பழகுகிறேன் பேர்வழி என்று ஒரு தெருவையே காலி செய்ய வைத்தவன்.

மனைவி தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போன சமயம் பார்த்து, ஆர்க்கிடெக்ட்டைப் பிடித்தார்.

"அன்னிக்கு நீங்க பேசினதெல்லாம் கேட்டுட்டேன். அந்த மூலை ரூமுக்கு வீட்டுப் பக்கம் இருக்கிற கதவை அடைச்சிடுங்க. தோட்டத்துப் பக்கக் கதவு போதும்."

"மழை பெஞ்சா நனைஞ்சுக்கிட்டுல்ல சார் சாப்பிட வரணும்?"

"நனைஞ்சா கரைஞ்சா போயிடும்? கிடக்கட்டும்."

ஆர்க்கிடெக்ட் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்கே வேண்டாம்னா எனக்கென்ன சார்."

பிள்ளை கவிழ்ந்து படுத்த பிறகுதான் தங்கை அவளை விட்டாள். திரும்பி வந்தபோது இங்கே வீடு எழும்பிக் கூரையும் போட்டாகிவிட்டது. வந்தவள் நேராக மூலை அறைப் பக்கம் போனாள். கதவு இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. கையால் தடவிப் பார்த்தாள்.

"நான்தான் அடைக்கச் சொன்னேன்," என்றார் வாத்தியார், நெஞ்சை நிமிர்த்தி. "எனக்குத் தெரியாம உன் தம்பிக்கு ரூம் கட்டுவே, நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேனா? இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, எனக்கே இப்படிப் பண்ணிட்டியே!"

"தம்பிக்கா?" அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்க குறட்டைக்குங்க இது! நேர்ல சொன்னா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னுதான் மறைச்சேன். முழிச்சதும் உங்க செடிங்க முகத்துல முழிக்கட்டும்னு இந்த மூலையா பார்த்து வெச்சேன்."

அவள் கை இன்னும் சுவரின் மேலேயே இருந்தது.

"அந்தக் கதவு, நான் வந்து போறதுக்கு."