எதிர்ச்சாலையில் ஓர் அறை

நகரத்தில் விடுதி அறைகளைச் செயலியில் ஏலம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரம் உள்ளவருக்கு அது விலையை ஏற்றும். இல்லாதவருக்குத் தள்ளுபடி தரும். ஜெயசீலனின் மனைவி இன்பராணி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். மருத்துவமனைக்கு எதிரே ஓர் அறைக்காக அவனும் மைத்துனி பிரிசில்லாவும் வெளியே காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். விலை ஏறிக்கொண்டே போனது.

"கல்யாணத்துக்கு வந்திருக்கோம்னு போட்டுப் பாத்தேன் அத்தான். நம்ப மாட்டேங்கு."

"உள்ள யாரு கெடக்கான்னு அதுக்குத் தெரியும் பிள்ள."

மதியமாயிற்று. பக்கத்து நாற்காலியில் யாரோ சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பிரிசில்லா சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தான், கெடச்சிட்டு. பாதி விலைக்கும் கொறச்சல்."

ஜெயசீலன் செல்பேசியை வாங்கிப் பார்த்தான். அதே விடுதி, அதே அறை.

"நமக்கு அவசரம் இல்லைங்கு. அப்ப அக்கா பொழச்சிட்டான்னுதானே?"

அவன் சிகிச்சைப் பிரிவின் உள்கதவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்தபடியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "இன்பராணி வீட்டுக்காரர் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "கூட பெரியவங்க யாராச்சும் வந்திருக்காங்களா சார்?"