நாற்பத்தொரு நிமிடம்

கரடி ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டது.

மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். வேறு மிருகக்காட்சிசாலைகளிலிருந்து வந்தவர்கள். எல்லோர் கையிலும் நோட்டு. இந்த மிருகக்காட்சிசாலையின் டாக்டரம்மா கையில் ஸ்டாப்வாட்ச்.

கரடிக் காப்பாளர் பின்னால் சுவரோடு சுவராக நின்றிருந்தார். இதெல்லாம் அண்ணனோட உழைப்புதான் என்று சொல்லி, டாக்டரம்மா அவரை முன்வரிசைக்கு வரவழைத்தார்.

கீழே, பட்ட மரத்தின் பொந்துக்குள் கரடி மூக்கை நுழைத்து உறிஞ்சியது. நகத்தால் சுரண்டியது. மறுபடி உறிஞ்சியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இது பகல் முழுக்கச் சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். நடந்து நடந்து மண்ணில் வாய்க்கால் மாதிரி தடமே விழுந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகுதான் தட்டில் சாப்பாடு வைப்பதை நிறுத்தினார்கள். பன்னிரண்டு இடங்களில் ஒளித்து வைத்தார்கள். பொந்தில் நிலக்கடலை, கல்லுக்கடியில் பேரீச்சை, தொங்கும் மூங்கில் குழாய்க்குள் தேன். போகிற வழியெல்லாம் கிராம்புத் தைலமோ பட்டைப் பொடியோ தேய்த்து வைத்தார்கள். எதில் என்ன என்பது தினமும் மாறும். மூக்கை நம்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாலே மாதத்தில் நடை குறைந்தது. அந்தத் தடத்தில் இப்போது புல்.

வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

காப்பாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவரைக் கண்டால் ஒரே ஒரு ஜோக்தான். என்னண்ணே, இன்னிக்குக் கரடி விட்டாச்சா என்பார்கள். இரண்டு வருடமாகச் சலிக்காமல் கேட்கிறார்கள், அவரும் சலிக்காமல் சிரிப்பார். இந்த வாரம் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஆறாவது இடம். கல்லைப் புரட்டிவிட்டு, வயிறு தரையில் படப் படுத்து ஈர மண்ணை முகர்ந்தது.

ஏழு. எட்டு.

மூங்கில் குழாயை எட்டிப் பிடிக்க இரண்டு காலில் எழுந்து நின்றது. நாக்கை உள்ளே விட்டது. குழாயை உலுக்கியது. இன்னொரு முறை விட்டது. நோட்டு வைத்திருந்த பெண் ஒருத்தி, நம்ம பிள்ளைங்ககூட இவ்வளவு பொறுமையா படிக்காதுங்க என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏதாவது கிடைத்தால் கரடி காலை அகல விரித்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டு தின்னும். மேலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் பிடிபடாது. காப்பாளருக்குத் தெரியும்.

இன்று அது ஒரு முறைகூட உட்காரவில்லை.

பன்னிரண்டும் முடிந்தது. கரடி விடவில்லை. மூன்றாவது இடத்துக்குத் திரும்பி வந்தது.

நாற்பத்தொரு நிமிடம் என்று டாக்டரம்மா அறிவித்தார். போன மாதம்வரை இருபது, இருபத்திரண்டுதான். கடந்த ஒரு வாரமாகத்தான் இப்படி ஏறிக்கொண்டே போகிறதாம். அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. எங்களிடம் கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லையே என்று ஒருவர் அங்கலாய்த்தார்.

வந்தவர்களில் மூத்தவர் கம்பியில் சாய்ந்துகொண்டு, அப்படி என்னதான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

டாக்டரம்மா காப்பாளர் பக்கம் திரும்பினார். மேடையேறப் போகிற சொந்த அண்ணனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தேன் என்று சொல்லலாம். பேரீச்சை என்று சொல்லலாம். பதிவேட்டில் அப்படித்தான் தினமும் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.

"ஒண்ணும் வைக்கல" என்றார். "ஒன்பது நாளா ஒண்ணுமே வைக்கல, டாக்டரம்மா."

ஒரு பேனா எழுதிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

அவர் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சமைத்து, அவளைக் குளிப்பாட்டி, மகளைப் பள்ளியில் விட்டு வருவதற்குள் முதல் நாள் நேரமாகிவிட்டது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று எல்லாவற்றையும் உள்கூண்டுத் தொட்டியில் கொட்டினார். கரடி தின்று முடித்ததும் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கடலை குறையவில்லை. வயிறு நிறைந்த பிராணி வெயிலில் படுத்துத் தூங்கும் என்றுதான் நினைத்தார்.

மறுநாளும் நேரமானது. மூன்றாம் நாள் சீக்கிரமே வந்தும் தொட்டியில்தான் கொட்டினார்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரம்மா அன்றைக்கே அனுப்பியிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பற்றி டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் அவ்வளவு பெருமையாகப் பேசியிருந்தாரே.

டாக்டரம்மா இப்போது அவரைப் பார்க்கவில்லை. கரடியைப் பார்த்துக்கொண்டே, அதை உள்ளே கூப்பிடச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

காப்பாளர் படியில் இறங்கி ஓடினார். வாளி நிறையக் கடலையும் பேரீச்சையும் அள்ளினார். தேன் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டார். கரடி உள்ளே வந்தால்தான் இவர் வெளியே போய் ஒளித்து வைக்க முடியும்.

கதவைத் தூக்கிவிட்டு விசிலடித்தார். அந்த விசிலுக்குக் கரடி ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

கரடி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் வாளியை ஆட்டிக் காட்டினார்.

அது வரவில்லை. அதற்கு வேலை இருந்தது.